வங்கி ‘ரெடி’ என்கிறது... நீங்கள் ரெடியா?

சனிக்கிழமை காலை. குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீடு. புரோக்கரிடமிருந்து மூன்றாவது முறையாக போன்.

“சார், நாளைக்கு வரைக்கும்தான் ஓனர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். வேற பார்ட்டி டோக்கன் அட்வான்ஸோட நிக்குது.”

பெருங்களத்தூரில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். எட்டு வருடப் பழசு. விலை 50 லட்சம். பால்கனியில் நின்றால் வேப்பமரம் தெரிகிறது. பையனின் பள்ளிக்கும் பஸ் இருக்கிறது. வங்கியில் விசாரித்தபோது, “உங்க ரெண்டு பேர் சம்பளத்துக்கு 40 லட்சம் தாராளமா கிடைக்கும் சார்” என்று சொல்லிவிட்டார்கள். கையில் 13 லட்சம் சேமிப்பு இருக்கிறது. 50-ல் 40 போனால் பாக்கி 10. மூன்று லட்சம் மிச்சம்கூட வரும்!

“அப்புறம் என்னங்க யோசனை?” என்கிறார் மனைவி.

யோசிக்க வேண்டிய இடமே இதுதான். இவர்கள் ஒரு மாதிரிக் குடும்பம். கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட தொகைகள்தான் எல்லாம். ஆனால், இந்தச் சனிக்கிழமை காலை பல வீடுகளுக்கும் வந்துபோவதுதான். ‘கடன் கிடைக்கும்’ என்பதும் ‘கடனைத் தாங்க முடியும்’ என்பதும் வேறு வேறு. முதல் கேள்விக்கு வங்கி பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்குக் குடும்பம்தான் பதில் கண்டுபிடிக்க வேண்டும்.

10 லட்சம் அல்ல, 17 லட்சம்!

வீட்டின் முழு விலையையும் வங்கி கடனாகத் தராது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90%, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கும் மேலே போனால் 75% வரைதான் தரலாம். மீதி நம் கைக்காசு.

பலரும் சறுக்குவது அடுத்த படியில்தான். வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால், இந்த 80 சதவிகிதக் கணக்கில் பத்திரச் செலவைச் சேர்க்க முடியாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக 9%. 50 லட்சம் ரூபாய் பத்திரத்துக்கு 4.5 லட்சம். இதை முழுக்க நாம்தான் கொண்டுவர வேண்டும்.

இப்போது நம் தம்பதியின் கணக்கை மறுபடி போடுவோம். முன்பணம் 10 லட்சம். பத்திரப் பதிவு 4.5 லட்சம். புரோக்கர் கமிஷன் ஒரு சதவிகிதம் என்றாலும் 50,000. வங்கியின் செயலாக்கக் கட்டணம், வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர் கட்டணம், அடமானப் பதிவு எல்லாம் சேர்த்து இன்னொரு 50,000. பெயின்ட், கிரில், கிச்சன் அலமாரி, ஃபேன், பால் காய்ச்சும் செலவு என ஒன்றரை லட்சம். மொத்தம் 17 லட்சம்!

கையில் இருப்பது 13. துண்டு விழுவது 4 லட்சம். வாடகை வீட்டு அட்வான்ஸ் இருக்கிறதே என்றால், காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் அது கைக்கு வரும்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட் என்றால் இன்னொரு செலவும் சேரும். ஜி.எஸ்.டி 5%. விலை 45 லட்சத்துக்குள், பரப்பளவும் வரம்புக்குள் இருந்தால் 1%. கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. கட்டி முடியும்வரை வாடகையும் கட்ட வேண்டும், கடனுக்கான வட்டியும் கட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் உள்ளே போய், பீரோவிலிருந்து வளையல்களை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். “நாலு லட்சம்தானே... அடகு வெச்சுக்கப்பா. என் கையில கெடந்து என்ன பண்ணப் போகுது?”

மகனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மருமகள்தான் வளையல்களை எடுத்து அவர் கையிலேயே திரும்ப வைத்தார். “இருங்க அத்தை. மாசக் கணக்கையும் போட்டுப் பார்த்துடலாம்.”

தாளில் சரியாக வந்த கணக்கு

40 லட்சம் கடன், 20 வருடம், 8.5% வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். ஃப்ளாட் மெயின்டனன்ஸ், சொத்து வரி, சின்னச் சின்ன ரிப்பேர் என மாதம் 3,300 ஒதுக்கினால் மொத்தம் 38,000. இப்போது தரும் வாடகை 14,000. ஆக, சொந்த வீட்டுக்குப் போனால் மாதம் 24,000 ரூபாய் கூடுதலாகத் தேவை.

இருவரும் கையில் வாங்கும் சம்பளம் 80,000. வாடகை 14,000, பைக் லோன் 3,500, வீட்டுச் செலவு 38,000 போக மிச்சம் 24,500. தேவையோ 24,000. அடடா, கச்சிதமாகப் பொருந்துகிறதே!

தாளில் போடும் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் பொருந்தும். ஸ்கூல் ஃபீஸ், மச்சினி கல்யாணச் சீர், அம்மாவின் மாத்திரை எல்லாம் மாதாமாதம் வருகிற செலவுகள் அல்ல. அதனால் தாளிலும் வராது. வங்கியும் சம்பளச் சீட்டையும் மற்றக் கடன்களையும்தான் பார்க்கிறது. தீபாவளி எந்த மாதம் வருகிறது என்று அது கேட்பதில்லை.

வட்டியும் ஒரே இடத்தில் நிற்காது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4% ஆக இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5% ஆகிவிட்டது. பிறகு 2025-ல் இறங்கவும் செய்தது. மாறும் வட்டியில் கடன் வாங்கினால், இந்த ஏற்ற இறக்கம் நேராக நம் வீட்டுக்குள் வரும். 40 லட்சம் கடனுக்கு வட்டி 8.5-லிருந்து 9.5 ஆனால், தவணை சுமார் 2,600 ரூபாய் கூடும். தவணையைக் கூட்டாமல் விட்டால், கட்ட வேண்டிய வருடங்கள் கூடும்.

ஆறு மாத ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை புரோக்கரிடம் ‘இப்போது வேண்டாம்’ என்று சொன்னார்கள். அந்த ஃப்ளாட் வேறு யாருக்கோ போனது. வருத்தம்தான். ஆனால், மனைவி ஒரு யோசனை சொன்னார். “வீடு வாங்கிட்டதாவே நெனைச்சுக்குவோம்ங்க. சம்பளம் வந்த அன்னைக்கே 24,000-ஐ தனி அக்கவுன்ட்ல போட்டுடலாம். ஆறு மாசம் தாக்குப்பிடிக்கிறோமானு பார்ப்போம்.”

ஏப்ரலில் ஆரம்பித்தார்கள். ஏப்ரல், மே சுகமாகப் போயின. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ். தனிக் கணக்கிலிருந்து 18,000 எடுக்க வேண்டியதாயிற்று. ஜூலையில் மாமியாருக்கு மூச்சுத் திணறல். இரண்டு நாள் ஆஸ்பத்திரி, 22,000. ஆகஸ்டில் கல்யாணச் சீர், 14,000. செப்டம்பர் முடிவில் கணக்கில் இருக்க வேண்டியது 1,44,000. இருந்தது 90,000.

அதாவது, இந்தக் குடும்பத்தால் உண்மையிலேயே ஒதுக்க முடிந்தது மாதம் 15,000 மட்டுமே. இந்த ஒரு எண்ணை வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஊதாரித்தனமாக அவர்கள் ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை. வந்த செலவு எதுவும் தவிர்க்கக்கூடியதும் அல்ல.

ஒத்திகையில் 9,000 ரூபாய் குறைந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. நிஜத் தவணையில் குறைந்தால் கதையே வேறு. முதலில் அபராதம், அடுத்து கிரெடிட் ஸ்கோர் சரிவு. பாக்கி 90 நாள்களைத் தாண்டினால் வாராக்கடன் பட்டியல். அதன் பிறகு, 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் அனுப்பி, வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் வங்கி இறங்கலாம்.

எண்ணிலிருந்து வீட்டுக்கு

கிடைத்த எண்ணை வைத்து அவர்கள் பின்னாலிருந்து கணக்குப் போட்டார்கள். மிச்சம் 15,000, வாடகை 14,000. ஆக வீட்டுக்காகத் தரமுடிவது 29,000. அதில் மெயின்டனன்ஸ் வகைக்கு 3,300 போனால் 25,700. பத்து மாதத்தில் பைக் லோன் முடிந்துவிடும். அந்த 3,500-ஐச் சேர்த்தால் 29,200.

30 லட்சம் கடனுக்கு, அதே வட்டியில், அதே 20 வருடத்துக்குத் தவணை சுமார் 26,000. வட்டி ஒரு சதவிகிதம் ஏறினாலும் 28,000-க்குள் நிற்கும். இதுதான் இவர்களின் அளவு. வங்கி சொன்ன 40 லட்சம் அல்ல.

இன்னும் இரண்டு வருடம் இதே வேகத்தில் சேர்த்தால், வட்டியோடு கையிருப்பு சுமார் 19 லட்சம் ஆகும். கூடுவாஞ்சேரிப் பக்கமோ, கொஞ்சம் சிறியதாகவோ 40 லட்சத்தில் ஒரு வீடு பார்த்தால், முன்பணம் 10 லட்சம், பதிவு 3.6 லட்சம், மற்ற செலவுகள் 2 லட்சம். இவ்வளவும் போக, கையில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் நிற்கும். வேலை போனாலும், உடம்புக்கு வந்தாலும் ஐந்து மாதம் தாக்குப்பிடிக்கலாம்.

அதற்குள் விலை ஏறிவிடாதா?

ஏறலாம். வருடத்துக்கு 5% ஏறினால், 40 லட்சம் வீடு இரண்டு வருடத்தில் 44 லட்சத்தைத் தாண்டும். இந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால், சம்பளமும் அதற்குள் கொஞ்சம் ஏறும். பைக் லோனும் தீர்ந்திருக்கும். விலை ஏறினால் வீட்டைச் சிறிதாக்கலாம், ஏரியாவை மாற்றலாம். தாங்க முடியாத தவணையில் கையெழுத்துப் போட்டுவிட்டால், 20 வருடத்துக்கு மாற்ற முடிவது மிகக் குறைவு.

ஒத்திகையில் தேறிவிட்டவர்கள் விலை இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. தாராளமாக வாங்கலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதக் கட்டணம் கிடையாது என்பதால், போனஸ் வரும்போதெல்லாம் அசலைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. முன்பணம், பதிவு, மற்ற செலவுகள் மூன்றும் நகையை அடகு வைக்காமல், பர்சனல் லோன் எடுக்காமல் கையில் இருக்கின்றனவா?

2. அவை போன பிறகும் ஐந்தாறு மாதச் செலவுக்குப் பணம் மிஞ்சுமா?

3. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் தொடர்ந்து ஒதுக்கிப் பார்த்தீர்களா? அதில் ஸ்கூல் ஃபீஸ் மாதமோ, பண்டிகை மாதமோ ஒன்றாவது இருந்ததா?

4. ஒருவர் சம்பளம் நின்றால் என்ன வழி என்று பேசியிருக்கிறீர்களா? கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?

5. கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டீர்களா? ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்தும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகப் பெறலாம். 750-க்கு மேல் ஸ்கோர் இருந்தால் வட்டியைப் பேசிக் குறைக்க வாய்ப்பு அதிகம். எப்போதோ முடித்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினால், விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

ஐந்துக்கும் ‘ஆமாம்’ என்றால், வில்லங்கச் சான்றும் தாய்ப் பத்திரமும் பார்க்கும் வேலையைத் தொடங்கலாம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், வீட்டுக் கனவை விட்டுவிட வேண்டியதில்லை; எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜூலையில் மாமியாரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த இரவு. “உங்க வீட்டுக் காசை நான் செலவு பண்ணிட்டேனேடா” என்று வருத்தப்பட்டார் அவர்.

“காசு இருந்துச்சும்மா, கட்டிட்டோம்” என்றார் மகன். “அந்த ஃப்ளாட்டை வாங்கியிருந்தா அன்னைக்கு என்ன பண்ணியிருப்போம்னுதான் நெனைச்சுக்கிட்டிருக்கேன்.”

வளையல்கள் பீரோவில்தான் இருக்கின்றன. தனிக் கணக்கில் மாதம் 15,000 ஏறிக்கொண்டிருக்கிறது.