எந்திர வாக்கும் வேதவாக்கோ?

1972-இல் இன்டெல் கம்பெனி தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில்தான் திறந்தது. கணிப்பொறிச் சில்லுகளை நம்மூர்க் கைகளே கோத்து அனுப்புகின்றன. அவ்வாறிருக்க, 2022-இல் வந்த சாட்ஜிபிடி சொல்வதை நம் மாணாக்கர் வேதவாக்காகக் கொள்வது என்ன விந்தை! அஃது எழுதப்பட்டவற்றைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து அடுக்கும் எந்திரம். எழுதப்படாததை அஃது எங்ஙனம் அறியும்? தோட்டத்து லயத்தில் நம் பாட்டிமார் பட்ட பாட்டை எழுதி வைத்தோர் எத்தனை பேர்?

ஆசிரியர்களே! அதைத் தடுக்கவும் வேண்டா; தொழவும் வேண்டா. ரப்பர்த் தோட்ட வாழ்வைப் பற்றி அதனிடம் கேட்கச் செய்யுங்கள். அவ்விடையைப் பாட்டியிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எது பிழை, எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று மாணாக்கரே ஆராயட்டும். விடுபட்ட வாழ்வை மனக்கண்ணால் கண்டு தாமே எழுதட்டும். குறிகாரனை ஏனென்று கேட்கக் கற்ற நாம், எந்திரத்தின் முன் கைகட்டி நிற்பதா?