திரும்பி வரும் கப்பல்

விழா மலருக்குக் கட்டுரை வரையுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்வியைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நான் எழுதப் புகுவதோ கப்பற் பிரயாணத்தைப் பற்றி. அதுவும் பொருள் தேடிச் செல்லும் பிரயாணமன்று, ஓய்வுக்காகச் செல்லும் உல்லாசப் பிரயாணம். அதற்குக் காரணமுண்டு. பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றில், மதிய உணவின் பின்னர், நானும் என் மனையாளும் முதன்முறையாக உல்லாசக் கப்பலில் ஏறுவதற்கு ஆயத்தஞ் செய்கின்றோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே மூன்று கணைகள் பாய்ந்தன. "எழுபத்தைந்து வயதில் இது வேண்டாத ஆடம்பரம்" என்றார் ஒருவர். "அப்பணத்தைக் கல்லூரி நூலகத்துக்குத் தரலாமே" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் என்னைப் போல மலைத்தோட்டத்திலிருந்து வந்து விடுதியிலே படித்தவர். அவர் மெல்லச் சொன்னார்: "நம் சனங்கள் கப்பலேறி அழுதது போதாதா? சிரிப்பதற்கும் அதிலேயே ஏறவேண்டுமா?"

முதலிரு வினாக்களுக்கும் அங்கேயே விடை கூறினேன். மூன்றாவது வினா தெல்தெனியவில் உள்ள என் வீடுவரை உடன் வந்தது. இக்கட்டுரை அதற்கு நான் காணும் விடையாகும்.

தெல்தெனியவிலே இருப்பவனுக்குக் கடல் தூரம். ஆனால் தண்ணீர் தூரமன்று. நான் சிறுவனாக நடந்து திரிந்த பழைய தெல்தெனியக் கடைவீதி இன்று நீரின் அடியிலே கிடக்கின்றது. மகாவலி கங்கைக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை எழுப்பப்பட்டு 1985ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஊர் மேட்டுக்குப் பெயர்ந்தது. கடும் வரட்சியால் நீர் வற்றும் காலங்களிற் பழைய ஊரின் சுவர்களும் படிகளும் வெளியே தலைகாட்டும். அவற்றைப் பார்க்கச் சனங்கள் திரள்வர். போனதென்று எண்ணியது மீண்டும் கண்ணிற்படும்போது மனிதன் மகிழ்வதா அழுவதா என்று அறியாது நிற்கின்றான். என் பிரயாண ஆயத்தமும் ஏறக்குறைய அத்தகையதே.

என் குடும்பத்தில் முதன்முதலாகக் கப்பலேற ஆயத்தஞ் செய்தவர் நானல்லேன், என் தமக்கையார். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் இருநாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இத்தொகைகளைத் தேர்வுக்காக மனனஞ் செய்யும் மாணவர் ஒன்றை அறிதல் வேண்டும். கோடு நாடுகளுக்கிடையே மட்டுமன்றி, ஒரே குடும்பத்தின் உலை மூட்டும் அடுப்புக்கும் நடுவே சென்றது. எனக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. தமக்கையார் புகுந்த வீட்டுக்கு இந்தியா கிடைத்தது.

அவருடைய ஆயத்தத்தை நான் இன்றும் மறந்திலேன். கண்டிக்கும் தோட்டத்துக்குமாகப் பத்திரங்களுக்கு அலைந்த அலைச்சல், நீலவர்ணம் பூசிய தகரப் பெட்டி ஒன்று, அம்மி கொண்டுபோகலாமா கூடாதா என்ற வாக்குவாதம், வளர்த்த பசுவை யாரிடம் விடுவது என்ற கவலை, இறுதியில் ஒரு சீலைத்துணியிலே முடிந்த ரங்கலை மலை மண். 1974இல் அவர்கள் ஏறிய புகையிரதத்தை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். ஏறியவரும் வழியனுப்பியவரும் ஒருங்கே அழுதமையால் அப்பெயர். அது தலைமன்னாருக்குச் சென்றது. அங்கிருந்து 'ராமானுஜம்' என்னும் கப்பல் இராமேசுவரத்துக்குக் கொண்டு சென்றது. 1964 டிசெம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழியும்வரை கப்பல் அத்துறைக்கே சென்றது. அதன் பின்னரே இராமேசுவரம். அக்கடல் சில மணி நேரத்திற் கடக்கப்படுவது. ஆனால் தமக்கையார் அதனை ஐம்பது ஆண்டுகளாகியும் திரும்பக் கடக்கவில்லை. அவர் நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில், மறுபடியும் கொழுந்தே பறித்தார். நான் மும்முறை விமானமேறிச் சென்று அவரைக் கண்டேன்: ஒரு திருமணம், இரு மரணங்கள்.

இந்நிலையில் 2023 யூன் மாதத்தில் ஒரு செய்தி வந்தது. சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பத் தொடங்கியது. யூன் 16ஆம் திகதி அது காங்கேசன்துறைக்கு முதன்முறையாக வந்தது. 1990இல் பிரான்சிலே கட்டப்பட்ட கப்பல்; பதினொரு தட்டுக்கள், ஏறக்குறைய 800 அறைகள். அவ்வாண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் படகுச் சேவையும் ஆரம்பமாயிற்று. செய்தியை வாசித்த இரவு நான் தமக்கையாரோடு தொலைபேசியிற் பேசினேன். "அக்கா, இவ்வழியே ஒரு கப்பல் அறிவிக்கப்படும் பருவத்தில் நாம் மூவரும் சென்னையிலிருந்து ஏறுவோமா?" என்றேன். நெடுநேரம் மௌனம். பின்னர் ஒரேயொரு வினா: "தம்பி, அந்தக் கப்பல் திரும்பி வருமா?"

என் நண்பருக்கு நான் கூறும் விடை அவ்வினாவிலேயே அடங்கியுள்ளது. உல்லாசக் கப்பலின் பெருமை அதன் மின்விளக்கிலோ விருந்திலோ இல்லை. ஏறிய துறைக்கே நம்மைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதே அதன் இலக்கணம். நம் முன்னோர் ஏறிய கப்பல்கள் அனைத்தும் ஒருவழிக் கப்பல்கள். பஞ்சம் துரத்தக் கடல் கடந்து இங்கு வந்தனர். ஒப்பந்தம் துரத்தக் கடல் கடந்து அங்கு சென்றனர். தாமே விரும்பி ஏறி, தாமே விரும்பித் திரும்பும் பிரயாணம் அவர்களுக்கு வாய்த்திலது. பொருள் தேடக் கடல் கடக்குமாறு ஔவையார் மொழிந்தார். பொருள் தேடாமலும் ஒருமுறை கடல் காணலாம் என்று சொல்லும் உரிமை, உழைத்து ஓய்ந்த மக்களுக்கு உண்டென்பது என் துணிபு. ஆதலால் இதனை ஆடம்பரம் என்று தள்ளாதீர்.

ஆயினும் உரிமையுண்டென்று ஆயத்தமின்றிப் புறப்படுதல் பேதைமை. நான் கற்றுக்கொண்டவற்றுட் சிலவற்றை, என் போன்ற முதல்முறைப் பிரயாணிகளின் பொருட்டுச் சுருக்கிச் சொல்வேன்.

முதலாவது, பத்திரங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதங்களுக்குக் குறையாமற் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். இந்தியாவிற் கப்பலேறி இலங்கையிலிறங்கி மீண்டும் இந்தியாவிற் கால்வைப்பவருக்கு ஒரே தடவை நுழையும் விசா போதாது என்பதைப் பலர் அறியார். துறைமுகத்திலே அறிந்து வருந்துவதினும் வீட்டிலே வாசித்து அறிதல் நன்று. இங்கே ஒரு விசித்திரத்தையும் கண்டேன். ரங்கலை லயத்திலே பிறந்த என் தமக்கையார் திருகோணமலையில் இறங்குவதற்கு இலங்கையின் அனுமதி வேண்டும். பாட்டன் பிறந்த மண்ணிலே கப்பலேறுவதற்கு எனக்கு இந்தியாவின் அனுமதி வேண்டும். இருவரும் ஒரே மேசையிலிருந்து உண்பதற்கு இரு அரசுகளின் முத்திரைகள் தேவை.

இரண்டாவது, உடல்நலம். கப்பலில் வைத்தியர் இருப்பார். அவர் கட்டணமின்றி இருப்பாரென எண்ணற்க. நோயாளியைக் கடல்நடுவிலிருந்து கரைசேர்க்கும் செலவையும் உள்ளடக்கிய காப்புறுதி இன்றி என் வயதினர் ஏறலாகாது. குளிசைகளைப் பெரிய பெட்டியில் வைத்தல் தவறு. பெட்டியைத் துறைமுகத்திற் பெற்றுக்கொண்டு, பல மணி நேரங் கழித்தே அறைக்கு அனுப்புவர். கைப்பையிலே, வைத்தியர் எழுதிய சீட்டோடு, சில நாட்களுக்கு மேலதிகமாகவும் கொண்டு செல்க. உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. கப்பல்களிற் பரவும் வயிற்றுநோய்க் கிருமிக்குக் கையிற் பூசும் மதுசாரத் திரவத்தினும் சவர்க்காரமும் நீருமே வலிய பகை.

கடல்நோயைப் பற்றி மலைநாட்டார் அஞ்ச வேண்டியதில்லை. மகியங்கனைக்குச் செல்லும் வீதியிலே பதினெட்டு வளைவில் பேருந்துப் பிரயாணம் செய்தவருக்கு அது முன்னரே பழக்கம். வீதி திருத்தப்பட்டு ஒரு வளைவு குறைந்த பின்னரும் வயிறு கணக்கை மறக்கவில்லை. பேருந்தின் நடுப்பகுதி ஆசனம் போலவே, கப்பலின் நடுப்பகுதியிலே கீழ்த்தட்டிலுள்ள அறை குறைவாக ஆடும். பார்வையை அடிவானத்தில் நிறுத்துதலும், சிறிது இஞ்சியும், பசித்தும் புடைத்தும் இராத வயிறும் உதவும். பருவத்தையும் பார்த்தல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலே தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும். திருகோணமலைப் பக்கம் அமைதியாயிருக்கும். வங்கக் கடலிற் புயல் பிறக்கும் நவம்பர், டிசெம்பர் மாதங்களைத் தவிர்த்தல் நன்று.

மூன்றாவது, வீட்டுவழக்கம். என் மனையாள் கற்பூரமும் அகல்விளக்கும் பெட்டியில் வைத்தாள். கப்பலறையிலே திறந்த சுடர் ஏற்றுதல் தகாது. நடுக்கடலில் நெருப்பைப் போன்ற பகை வேறில்லை. விபூதிச் சம்புடத்தோடு அமைந்தாள். முறுக்கும் பயற்றம் பணியாரமும் செய்ய முனைந்தாள். வீட்டிற் சமைத்த உணவைக் கப்பலிற் பொதுவாக அனுமதிப்பதில்லை என்று கேட்டு அவளுக்கு உண்டான மனத்தாங்கல் இன்னும் முற்றாகத் தீரவில்லை. மரக்கறி உணவு வேண்டுமெனப் பதிவு செய்யும்போதே எழுத்திற் சொல்லிவைத்தல் முறை.

நான்காவது, செலவு. சீட்டின் விலை முழு விலையன்று. துறைமுக வரி, பணியாளர் வெகுமதி, கரைச் சுற்றுலா, கடல்நடுவிற் செய்மதி வழித் தொலைபேசி ஆகியவை பின்னர் வந்து சேரும். கணக்கை முன்னரே எழுதிக்கொள்க. நூலகத்தை நினைவூட்டிய நண்பருக்கு இவ்விடத்திலே விடை சொல்வேன்: கப்பலா நூலகமா என்று நான் தெரிவு செய்யவில்லை. செலவுக் கணக்கின் கடைசி வரியிலே, பத்திலொரு பங்கு கல்லூரி நூலகத்துக்கென எழுதியுள்ளேன். இதனை ஒரு வழக்கமாக்கினால் பழைய மாணவர் ஒவ்வொருவரது விடுமுறையும் நூலகத்துக்கு ஒரு தட்டுப் புத்தகமாகும்.

ஐந்தாவதே தலையாயது: ஏறியவுடன் நடைபெறும் ஆபத்துக்காலப் பயிற்சி. படம் பிடிப்பதிலும் பலகாரம் உண்பதிலும் ஈடுபட்டு இதனைப் பலர் அலட்சியஞ் செய்வர். 2012 சனவரி 13ஆம் திகதி இத்தாலியக் கரையோரத்தில் 'கொஸ்தா கொன்கோர்டியா' பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் மாண்டனர். அன்று மாலை புதிதாக ஏறியோருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பின்னரே, கப்பல் புறப்படுமுன்னர் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடத்தவேண்டுமென்ற சர்வதேச விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. டைட்டானிக் மூழ்கிய இரண்டாம் ஆண்டிலே, 1914இல், கடற்பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. கடல்விதி ஒவ்வொன்றும் எவரோ சிலரின் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்டது. அதனைக் கேளாதிருப்பது அவர்களை இகழ்வதாகும்.

இவையாவும் பெட்டிக்கு வெளியேயும் உள்ளேயும் செய்யும் ஆயத்தங்கள். நெஞ்சுக்குள் ஒன்று எஞ்சியுள்ளது. திருகோணமலைத் துறையை அணுகும்போது கோணேசர் குடிகொண்ட சுவாமிமலை கடலிலிருந்து எவ்வாறு தோன்றும் என்பதைக் காண ஆவலாயுள்ளேன். காங்கேயன் வந்திறங்கிய துறை என்று பெயர்பெற்ற காங்கேசன்துறையில், மாவிட்டபுரம் கந்தசுவாமியை மூவரும் கூடி வணங்க எண்ணியுள்ளோம். கப்பல் எவருக்காகவும் காத்திராது என்பதால், கரையிறங்குவோர் கைக்கடிகாரத்தைக் கப்பலின் நேரத்துக்கு அமைத்துக்கொள்வர். தெல்தெனியவுக்கு வர அந்நேரம் போதாது. ஆதலின் ரங்கலை மண்ணில் ஒரு பிடியை நானே சிறு போத்தலிற் கொண்டுசெல்வேன். மண்ணைக் கொண்டுசெல்லத் தடையிருப்பின், தோட்டத்து வாசலில் எடுத்த புகைப்படமொன்று போதும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் தலைமுறையில் இவ்விரு கரைகளுக்குமிடையே கப்பல்கள் அடிக்கடி ஓடலாம். ஏறுமுன்னர் உங்கள் வீட்டிலே முதியவர் எவரேனும் முன்னொருநாள் எக்கப்பலில் ஏறினார் என்று கேளுங்கள். அக்கதையை எழுதிவையுங்கள். அதுவே பிரயாணத்துக்கான முதல் ஆயத்தம். பெட்டி கட்டுவது இரண்டாவது.

சென்ற வாரம் தமக்கையார் மறுபடி அழைத்தார். கடவுச்சீட்டுக்கு மனுச் செய்துவிட்டாராம். புகைப்படம் எடுக்கச் சென்ற இடத்திற் சிரிக்கக் கூடாதென்று சொன்னார்களாம். "அன்றைக்கு எடுத்த படத்தில் அழுகை, இன்றைக்கு எடுத்ததில் சிரிக்க விடவில்லை" என்றார். பின்னர், தகரப் பெட்டி இன்னும் பரணிலே இருக்கின்றது, அதைக் கொண்டுவரலாமா என்று வினவினார். கப்பலில் அதற்கு இடமிருக்குமோ இல்லையோ, கொண்டுவாருங்கள் அக்கா என்றேன். திரும்பிப்போகும் பெட்டிதானே!