கூவத்துக்குத் தண்ணீர் வேண்டும்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட மாசடைந்த ஆறுகளின் அறிக்கையில், நாட்டிலேயே மிக மோசமான ஆற்றுப் பகுதியாகச் சென்னையின் கூவம் இடம்பெற்றது. ஆவடியிலிருந்து சத்யா நகர் வரை எடுத்த மாதிரிகளில் பி.ஓ.டி. எனப்படும் உயிரிவேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம் வரை இருந்தது. குளிக்கத் தகுந்த ஆற்றில் அது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நூறு மடங்குக்கு மேல் என்ற செய்தி அப்போது நாளிதழ்களில் வந்தது. அந்த எண் சொல்லும் இன்னொரு சேதியை அதிகம் பேர் கவனிக்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும் வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. அளவே ஏறக்குறைய 200 முதல் 350 மில்லிகிராம்தான். அப்படியென்றால் கூவத்தில் ஓடுவது சாக்கடை கலந்த ஆற்று நீர்கூட இல்லை, வெறும் சாக்கடை. கலப்பதற்கு அங்கே ஆற்று நீரே கிடையாது.

கூவத்தைச் சுத்தம் செய்வது பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தண்ணீர் விடுவது பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. இனியாவது பேச வேண்டும், அதையும் அரசின் நீர்க் கணக்கில் எழுதிவைத்துப் பேச வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

ஆறு எப்படி வற்றியது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. தக்கோலத்தை அடுத்த கேசவரத்தில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து வருவது கூவம். திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் கிராமத்தின் ஏரி உபரியும் அதில் சேரும். அந்த ஊரான திருவிற்கோலம் தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கிருந்து வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே ஓடி, நகரத்துக்குள் புகுந்து, நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கும்வரை மொத்தம் 72 கிலோமீட்டர். கேசவரம் அணைக்கட்டு வந்த பிறகு நீரின் பெரும்பங்கு கொசஸ்தலையாற்றின் பக்கமே திருப்பப்பட்டது. மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியில் தொடங்கி 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம் அந்த நீரைப் பிடித்து நகரத்தின் குழாய்களுக்கு அனுப்பியது. கொரட்டூர் அணைக்கட்டில் மிச்சம் மீதி வருவதையும் பங்காரு கால்வாய் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. குடிக்கத் தண்ணீர் கேட்ட நகரத்துக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. அந்த முடிவை இன்று குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் நாம் வீட்டில் திறக்கும் குழாயில் கூவத்தின் பங்கும் வருகிறது என்ற நினைவு மட்டும் நமக்கு அறவே போய்விட்டது. ஆற்றின் நீரை எடுத்துக் குடித்தோம், குடித்து முடித்த கழிவை அதே ஆற்றின் வெறும் படுகையில் விட்டோம்.

தலைப்பக்கம் இப்படி என்றால், முகத்துவாரத்தின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது, கரையோரமாக வடக்கே நகர்ந்து கொண்டிருந்த மணல் தெற்கில் தேங்கியது. மெரினா அகன்றது அதனால்தான். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரிக்கப்பட்டதும் அதனால்தான். துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே கடலில் சேரும் கூவத்தின் வாயில் மணல் திட்டு உருவாகிறது. மேலிருந்து வேகமாக வரும் நீர் இருந்தால் திட்டை உடைத்துக்கொண்டு போகும். அந்த நீர் இல்லை. ஆகவே ஓதம் உள்ளே வந்து ஆற்றின் கீழ்ப்பகுதியை அலசிவிட்டுப் போவதும் நின்றுபோனது. மழைக்கு முன் பொக்லைனை இறக்கி மணலை வெட்டுகிறார்கள், சில வாரங்களில் கடல் மறுபடியும் மூடிவிடுகிறது. நகரத்துக்குள் இருப்பது இரண்டு முனையும் அடைபட்ட ஒரு நீண்ட பள்ளம். அதில் என்ன விட்டாலும் அழுகத்தான் செய்யும்.

இந்தப் பள்ளத்துக்குத்தான் திட்டம் திட்டமாகப் போட்டோம். 1967-இல் அண்ணா ஆட்சியில் தொடங்கிய கூவம் மேம்பாட்டுத் திட்டம் 1970-களின் தொடக்கத்தில் படகுப் போக்குவரத்து வரை வந்தது, படகுகள் நிலைக்கவில்லை. பிறகு சென்னை ஆறுகள் மறுசீரமைப்பு அறக்கட்டளை வந்தது. கூவத்துக்கு மட்டும் 604.77 கோடி ரூபாய்க்கு 2015-இல் ஒப்புதல் கிடைத்தது. கழிவுநீரை இடைமறிக்கும் வேலைகளும் அதில் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் பாலத்தின் மேலிருந்து பார்க்கும் நகரவாசியின் கண்ணுக்கு இதுவரை தெரிவது கரையோர வேலி, நடைபாதை, மிதக்கும் குப்பையைத் தடுக்கும் மிதவை, இடிக்கப்பட்ட குடிசைகள்.

குடிசைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. கரையிலிருந்து அகற்றுவதற்காகக் கணக்கெடுக்கப்பட்ட குடும்பங்கள் 14,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் அனுப்பப்பட்ட இடங்களில் முக்கியமானது பெரும்பாக்கம். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வடிகால் பகுதி. பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட அதே பள்ளிக்கரணை. 2015 வெள்ளத்திலும் பிறகு வந்த பெருமழைகளிலும் அந்தக் குடியிருப்புகளைச் சுற்றித் தண்ணீர் நின்றது. நீர்நிலையை ஆக்கிரமித்தவர்கள் என்று சொல்லி ஓர் ஆற்றங்கரையிலிருந்து எழுப்பிய மக்களை, அரசே இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் கொண்டுபோய்க் குடிவைத்திருக்கிறது. வீட்டு வேலைக்கும் மீன் விற்பனைக்கும் ஆட்டோ ஓட்டவும் அன்றாடம் சிந்தாதிரிப்பேட்டைக்கும் சேத்துப்பட்டுக்கும் திரும்பி வர வேண்டியவர்கள் அவர்கள். இதே காலத்தில் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கான தூண்கள் ஆற்றுப் படுகையிலேயே இறங்குகின்றன. ஆற்றில் தூண் நிற்பதைக் காரணம் காட்டி 2012-இல் மாநில அரசு நிறுத்திய திட்டம், 2022-இல் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் கண்டது. ஆற்றை மறிப்பது குற்றம் என்றால் அது எல்லோருக்கும் குற்றமாக இருக்க வேண்டும். குடிசையின் கொம்பை அளந்த அதே நாடாவால் காங்கிரீட் தூணையும் அளக்க வேண்டும்.

கரையோரக் குடிசைகள் இடிபட்ட இடங்களில் ஆற்றின் நிறம் மாறவில்லை. மாறாததற்குக் காரணம் பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரியும். கூவத்தில் விழும் கழிவின் பெரும்பங்கு மழைநீர் வடிகால்களின் வழியே வருகிறது. மழைக்கு மட்டும் திறக்க வேண்டிய வடிகாலின் வாய் கோடையிலும் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தெருவின் வீடுகளும் உணவகங்களும் சிறு பட்டறைகளும் சாக்கடையை அதில் இணைத்திருக்கின்றன என்றே பொருள். 2011-இல் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது சேர்ந்த மதுரவாயல், அம்பத்தூர் போன்ற பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை பல ஆண்டுகள் பின்தங்கியே வந்து சேர்ந்தது. எல்லைக்கு வெளியே இருக்கும் திருவேற்காடு, ஆவடிப் பக்கத்துப் புதிய குடியிருப்புகளில் கழிவுநீர் லாரிதான் கதி. அந்த லாரிகளில் சில இரவோடு இரவாக எங்கே கொட்டிவிட்டுப் போகின்றன என்பதை ஆற்றங்கரைவாசிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

வடிகால் மாநகராட்சியுடையது. சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. ஆறு நீர்வளத் துறையுடையது. மாசை அளப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மக்களை அகற்றுவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். அறக்கட்டளைக்கு ஒருங்கிணைக்கும் பொறுப்பு உண்டே தவிர, இவர்களில் எவரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் போதவில்லை. ஒரு வடிகால் வாயில் சாக்கடை கொட்டினால் அதற்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு இன்றுவரை ஒற்றைப் பெயர் கிடையாது.

சிங்கப்பூர் 1977-இல் தன் ஆற்றைச் சுத்தம் செய்யப் பத்தாண்டுக் கெடு வைத்து 1987-இல் முடித்தது. அங்கும் மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள், அந்த வலியை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கரையை அழகு செய்வதற்கு முன்பே ஆற்றில் விழும் கழிவின் மூலங்கள் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து, பன்றிப் பண்ணையிலிருந்து தெருவோர உணவுக் கடை வரை, அடைத்தார்கள். அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

சபர்மதியைக் காட்டி ஆற்றங்கரைப் பூங்கா கேட்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். கூவத்தை முதலிடத்தில் வைத்த அதே அறிக்கையில் அடுத்த மோசமான இடம் எந்த ஆற்றுக்கு என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். 292 மில்லிகிராம் பி.ஓ.டி.யுடன் சபர்மதி. அகமதாபாத்தின் நடுவே நாம் படங்களில் பார்க்கும் நீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வந்து நிரம்பியது. வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே நகரத்தின் கழிவும் ஆலைக் கழிவும் ஓடுகின்றன. நகரவாசியின் பார்வை எட்டும் தூரத்துக்கு மட்டும் ஆற்றைத் திருத்துவது, கீழே உள்ள ஊர்களுக்குச் செய்யும் அநீதி. சென்னைக்குக் கீழே ஊர் இல்லை, கடல் இருக்கிறது என்று சமாதானம் சொல்ல முடியாது. அந்தக் கடலோரத்தில் மீனவக் குடியிருப்புகள் இருக்கின்றன.

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். 2019 கோடையில், அன்று குடிநீர் தந்த நான்கு முக்கிய ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இது. மனிதருக்கே இல்லாதபோது ஆற்றுக்கு எங்கிருந்து எடுப்பது? நியாயமான கேள்வி. பதில் கணக்கில் இருக்கிறது.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. 426 சதுர கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 21 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நகருக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை எல்லாம் சேர்ந்தாலும் கொள்ளளவு 12 டி.எம்.சி.யை எட்டாது. அந்த ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யும் மழை இந்த 21 டி.எம்.சி.க்கு வெளியே தனி. நல்ல மழை ஆண்டுகளில் பூண்டி நிரம்பி வழிந்து, கொசஸ்தலையாறு வழியே எண்ணூரில் கடலில் சேரும் நீரை நாம் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெள்ள அபாயம் தணிந்த டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் அந்த உபரியில் ஒரு பங்கை, பூண்டிக்கு வருமுன்பே கேசவரத்தில் கூவத்துக்குத் திருப்பினால் எவர் வீட்டுக் குடமும் குறையாது. வழியில் உள்ள ஏரிகளும் கிணறுகளும் ஊறும். மணல் திட்டை உடைக்க ஆற்றுக்கே வேகம் வரும்.

கோடைக்கு வேறு மூலம் வேண்டும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் மூன்று நிலையங்களின் திறன் நாளொன்றுக்கு 35 கோடி லிட்டர். ஆண்டுக்கு நான்கரை டி.எம்.சி. பேரூரில் இன்னொரு 40 கோடி லிட்டருக்கான நிலையத்தின் கட்டுமானம் தொடங்கிவிட்டது. ஏராளமான மின்சாரம் தின்னும் இந்த நீருக்குச் செலவழிக்கத் துணிந்த நகரம், அதைக் குடித்து முடித்தபின் வரும் கழிவுநீரை ஏன் வீணடிக்கிறது? கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீர் மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட்டு ஆலைகளுக்குப் போகிறது. வரவேற்கத்தக்க ஏற்பாடு. தொழில்நுட்பம் நம் கையில் இருப்பதற்கு அதுவே சான்று. அதே தரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 5 கோடி லிட்டரைக் குழாய் வழியே ஆவடி, திருவேற்காடு பக்கம் ஏற்றி ஆற்றில் விட்டால், நொடிக்கு ஏறக்குறைய 580 லிட்டர் ஓட்டம் ஆண்டு முழுவதும் கிடைக்கும். மொத்தமாகக் கூட்டினாலும் முக்கால் டி.எம்.சி. ஆகாது. நகரத்துக்கு அது பெரிய சுமை இல்லை, வறண்ட படுகைக்கு அது உயிர்.

சாக்கடையை நிறுத்தாமல் நல்ல நீரை விட்டால் அதுவும் சாக்கடையாகும் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் வடிகால் வாய்களை முதலில் அடைக்கச் சொல்கிறோம். கூவத்தில் சேரும் ஒவ்வொரு வடிகாலுக்கும் எண் கொடுத்து, கோடையில் அதில் நீர் வருகிறதா என்று பார்த்து, வந்தால் மூலத்தை நோக்கித் தெருத் தெருவாகப் போக வேண்டும். பாதாளச் சாக்கடை இருக்கும் தெருவில் இணைப்பு எடுக்காத பெரிய கட்டடங்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும். ஏழை வீடுகளுக்கு இணைப்புச் செலவை அரசே ஏற்க வேண்டும். பாதாளச் சாக்கடை வராத ஊர்களில் லாரிக் கழிவை வாங்கிக்கொள்ள அருகிலேயே நிலையம் இருக்க வேண்டும், இல்லையென்றால் லாரிக்காரரைத் தண்டித்துப் பயன் இல்லை. இவை எவையும் திறப்பு விழா நடத்தி ரிப்பன் வெட்டும் வேலைகள் இல்லை. வேலியும் பூங்காவும் விரைவாக எழுவதற்கும் குழாய் இணைப்புகள் நத்தை வேகத்தில் நகர்வதற்கும் அது ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறது. புழலில் எத்தனை மில்லியன் கன அடி என்று கேட்டால் சென்னையின் குடும்பங்கள் பல சட்டென்று சொல்லும். கூவத்தில் இன்று எவ்வளவு நீர் ஓடுகிறது, அதன் பி.ஓ.டி. என்ன என்பதும் அதே பக்கத்தில் அதே நாளில் வர வேண்டும். கேசவரத்தில், திருவேற்காட்டில், கோயம்பேட்டில், நேப்பியர் பாலத்தில் என நான்கு இடங்களில் அளந்தால் போதும். அந்த அட்டவணைக்குக் கீழே பொறுப்பு அதிகாரியின் பதவிப் பெயர் இருக்க வேண்டும். துறைகள் அனைத்துக்கும் உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு அரசாணையாலேயே தரப்பட வேண்டும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தமிழக அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பூண்டி, புழலுக்கு நீர்ப் பங்கீடு எழுதும் அதே ஆணையில் கூவத்துக்கும் ஒரு வரி சேர்த்து, மழைக்காலத்துக்கு இவ்வளவு, கோடைக்கு இவ்வளவு என்று அளவைக் குறிப்பிட்டு, அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அந்த வரி எழுதப்படும்வரை ஆற்றின் பெயரில் புதிய பூங்காவுக்கோ நடைபாதைக்கோ ஒரு ரூபாயும் ஒதுக்கக் கூடாது.