டிரைவர் இல்லாத லேப்டாப்

காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. அங்கே குண்டூர் நாட்டில் ஒரு வீட்டில் பழைய இலவச லேப்டாப் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் தமிழக அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த விண்டோஸ் கிழடாகிவிட்டது. புதிதாக ஒரு லினக்ஸோ பிஎஸ்டியோ போட்டால் மெஷின் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் வைஃபை சிப்புக்கு டிரைவர் இல்லை என்றால்? டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் கதைதான்!

"லினக்ஸில் இருப்பதை எடுத்து பிஎஸ்டியில் போட வேண்டியதுதானே, இரண்டும் ஓப்பன் சோர்ஸ்தானே?" என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். ஒரு டிரைவரில் இரண்டு பாதி உண்டு. ஒன்று சிப்போடு பேசும். எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எழுதினால் ரேடியோ விழிக்கும் என்கிற விவரம் அது, எங்கே போனாலும் மாறாது. மற்றது கெர்னலோடு பேசும். லினக்ஸ் ஒரு பாக்கெட்டை எஸ்கே-பஃப்பில் வைக்கும், பிஎஸ்டி எம்பஃப்பில் வைக்கும். இன்டரப்ட், மெமரி, லாக் எல்லாமே வேறு வேறு. ஒரு கம்பெனியின் கணக்கை, வேறு தலைப்புகளில் லெட்ஜர் வைத்திருக்கும் இன்னொரு கம்பெனி புத்தகத்தில் ஏற்றுவது மாதிரி. தொகை அதேதான், என்ட்ரி எல்லாம் புதுசு.

அதுகூடப் பொறுமை இருந்தால் முடிகிற வேலை. முதல் பாதியையே கம்பெனி மூடி வைத்தால்தான் வினை. ஏத்தெராஸ் வைஃபை சிப்பின் முக்கியப் பகுதி லினக்ஸுக்கு பைனரியாக மட்டுமே கிடைத்தது. ஓப்பன்பிஎஸ்டியின் ரேக் ஃப்ளோட்டர் 2004-ல் ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்து சொந்தமாக எழுதினார். அது லினக்ஸுக்குப் போய் ஏத்5கே ஆனது. நடுவில் 2007-ல் ஒரு சண்டை. லினக்ஸ் பக்கம் வந்த ஒரு பேட்ச், அவருடைய ஐஎஸ்சி உரிமத்தை எடுத்துவிட்டு ஜிபிஎல் போட்டிருந்தது. ஓப்பன்பிஎஸ்டியின் தியோ டி ராட் கொதித்துப் போனார். அவர் கோபம் நியாயம்தான். ஐஎஸ்சி கேட்பது ஒன்றே ஒன்று: காப்பிரைட் வரிகளை அழிக்காதே. (ஓசியில் வாங்கிய சரக்குக்கு பில்லையாவது கிழிக்காமல் வைக்க வேண்டாமா?) தவிர, ஜிபிஎல்லில் மட்டும் திருத்தம் செய்தால் அது பிஎஸ்டிக்குத் திரும்பி வராது.

2008 செப்டம்பரில் ஏத்தெராஸே அந்த சோர்ஸை வெளியிட்டது. அதை 2004-லேயே செய்திருந்தால் இத்தனை உழைப்பும் சண்டையும் மிச்சம்.

கம்பெனியைக் கேட்க வைப்பது யார்? மொத்தமாக வாங்குகிறவர்தான். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் சூசே லினக்ஸுக்கே மாறிக் காட்டியது. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று டெண்டரில் எழுதும்போது, "உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ஆவணமோ, டிரைவர் சோர்ஸோ பொதுவில் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

விலை கூடும் என்பார்கள். 20 லட்சம் ஆர்டரை விட்டுவிட்டு எந்த சப்ளையரும் வீட்டுக்குப் போக மாட்டார். ஆவணம் உள்ள வேறு சிப்பைப் போட்டுத் தருவார்.