விளக்கு ஏன் கண் சிமிட்டுகிறது?

விருத்தாசலம் என்றதும் பீங்கான் நினைவுக்கு வரும். பொம்மையும், மின்சாரப் பியூஸ் கட்டையும் செய்து தரும் ஊர் அது. அருகிலேயே நெய்வேலி; 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. இத்தனை இருந்தும், அங்கே ஒரு சிறு பட்டறைக்காரர் மின்சூளை வைத்தால் அடுத்த வீட்டு விளக்கு கண் சிமிட்டக்கூடும். அண்டை வீட்டார் அவர் மீது பாய்வர். அவர் மின்வாரியத்தைக் கைகாட்டுவார். வாரியம் கருவியைக் கைகாட்டும். குற்றம் யாருடையது? கணக்கே சொல்லட்டும்.

3.5 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் தன் சோதனைக்கு எடுத்துக்கொண்ட கம்பியின் தடை 0.4 ஓம். பெருக்கினால் 6 வோல்ட். சூளை மூளும்போது அவ்வளவு இறங்கும், அணையும்போது ஏறும். நூற்றுக்கு 2.6 பங்கு! நிமிடத்துக்கு ஒரு மாற்றம் என்றால் விதி பொறுத்துக்கொள்ளும். நொடிக்கு இரண்டு மாற்றம் என்றால் நூற்றுக்கு ஒன்றுகூட ஆகாது. நொடிக்கு ஒன்பது முறை விளக்கு ஏறி இறங்கினாலோ, 0.3 பங்கே கண்ணை உறுத்தும்.

ஆகவே, குற்றம் சூளையில் இல்லை. அதன் சூட்டை அடக்கும் கருவி எத்தனை வேகமாக மூட்டி அணைக்கிறது என்பதில் இருக்கிறது. சூளையோ மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவது. அதற்கு நொடிக்கு நொடி விசை தட்டுவானேன்? சுற்றை நிமிடக்கணக்கில் நீட்டலாம். சூட்டுக் கம்பியை மூன்றாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக மூட்டலாம். ஒவ்வொரு வீழ்ச்சியும் மூன்றில் ஒரு பங்காகும். மின்னலையை வெட்டிச் சூட்டை அடக்கும் வழியும் உண்டு. அதில் சிமிட்டல் அடங்கும். ஆனால் அலையின் வடிவம் சிதையும். அதற்குத் தனி விதி இருக்கிறது.

இன்னொன்றையும் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த 0.4 ஓம், ஐரோப்பிய நாடுகளின் கம்பிகளை மனத்தில் கொண்டு வகுத்த கணக்கு. நம் தெருக்கோடியில், நீண்டு மெலிந்த கம்பியின் முனையில், தடை இரட்டித்தால் வீழ்ச்சியும் இரட்டிக்கும். சோதனைச் சாலையில் தேறிய கருவி தெருவில் தோற்கும். அந்தத் தோல்விக்குப் பட்டறைக்காரரா பொறுப்பு?

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், வினியோகத்தின் தரத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கலாம் என்கிறது. அந்தத் தரம் கடைக்கோடிக் கம்பிக்கும் எட்டட்டும்! கருவி விற்பவர், எத்தனை தடையுள்ள கம்பிக்கு அது ஏற்றது என்று எழுதித் தரட்டும். வாரியம் இணைப்புத் தருமுன் கம்பியை அளக்கட்டும். அளந்து பார்க்கும் கருவி விருத்தாசலத்திலேயே, சிறு பட்டறைக்கு எட்டும் கட்டணத்தில், கிடைக்கட்டும்.

இவை நான்கும் சலுகைகள் அல்ல. மின்சாரத்துக்குப் பீங்கான் தந்த ஊர், பீங்கானுக்கு நல்ல மின்சாரம் கேட்கிறது. கொடுக்க மறுப்பவர்கள் காரணம் சொல்லட்டும், கேட்போம்!