பூ எறிந்த கை, கல் எறிந்த கை

காலையில் காலைத் தொட்டுக் கும்பிட்ட கை, சாயங்காலம் சட்டையைப் பிடிக்கும். எமர்ஜென்சியில் டியூட்டி பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் இதுக்கு ஒரு கதை வச்சிருப்பார்.

ஆனா இந்த த்ரெட் டாக்டர்களுக்கு நியாயம் கேட்டு இல்லை. 1855ல் வெளிவந்த ஒரு ஆங்கிலக் கவிதையைப் பத்தி. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

ராபர்ட் பிரவுனிங் எழுதின 'தி பேட்ரியாட்'. 'மென் அண்ட் விமன்' என்ற தொகுப்பில் வந்தது. மொத்தமே 30 வரி. கல்லூரியில் பாடமா படிச்சு, பரீட்சை எழுதி, மறந்துபோனவங்க இங்கேயே நிறைய பேர் இருப்பீங்க.

கதை இதுதான். ஒரு தலைவன் ஊருக்குள் வருகிறான். வழியெல்லாம் ரோஜாப்பூ. கூரை மேலெல்லாம் ஜனம். கோபுரத்தில் கொடி, காதைப் பிளக்கும் மணியோசை. சூரியனைக் கேட்டிருந்தாலும் பறிச்சுக் கொடுத்துட்டு, வேற என்ன வேணும்னு கேட்டிருப்பாங்க. அவ்வளவு பிரியம்.

சரியா ஒரு வருஷம். அதே நாள், அதே ஊர். இப்போ மழையில் அவனைத் தூக்குமேடைக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். கை பின்னால் கட்டியிருக்கு. கயிறு மணிக்கட்டை அறுக்குது. எவனோ எறிந்த கல் நெற்றியில் பட்டிருக்கு. ரத்தம் வருதுன்னு நினைக்கிறேன் என்கிறான். தொட்டுப் பார்க்கக் கை இல்லையே! அந்த ஈரம் மழையா ரத்தமான்னு அவன் உணர்ந்துதான் ஊகிக்கணும்.

வகுப்பில் இதுக்கு என்ன சொல்லிக் கொடுப்பாங்க? "பொதுஜன அபிப்பிராயம் நிலையில்லாதது. நேற்று மாலை, இன்று கல்." அஞ்சு மார்க். முடிஞ்சது.

நானும் அப்படித்தான் ரொம்ப வருஷம் நினைச்சேன். இப்போ அப்படி நினைக்கல. ஏன்னு சொல்றேன்.

முதல் விஷயம், ஒரு டாக்டரா என் கண்ணில் பட்டது. தூக்குக்குப் போகும் வழியில் அவன் மேலே பார்க்கிறான். கூரையில் ஒருத்தரும் இல்லை. ஜன்னல்களில் மட்டும் சிலர். யார் அவங்க? வாத நோயாளிகள். பிரவுனிங் போட்ட சொல் 'பால்ஸி'. அந்தக் காலத்தில் கை கால் விழுந்தாலும் பால்ஸிதான், நடுங்கினாலும் பால்ஸிதான். 1817ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், பிற்பாடு தன் பெயரையே பெறப்போகும் நோயைப் பற்றி எழுதின நூலின் தலைப்பிலும் இந்தச் சொல்தான் இருக்கு.

நடக்க முடிஞ்ச அத்தனை பேரும் எங்கே போனாங்க? தூக்குமேடைக்கு. நல்லாத் தெரியிற இடமாப் பார்த்து நிற்க, முன்கூட்டியே.

அந்த ஜன்னலில் இருப்பவர்கள் இரக்கப்பட்டு வீட்டில் தங்கியவங்க இல்லை. போக முடியாதவங்க. அந்த ஊரில் கூட்டத்தோடு சேராதவங்கன்னு ஆள் தேடினா கிடைக்கிறது அவங்க மட்டும்தான்.

இது கற்பனை மிகைன்னு நினைக்காதீங்க. இங்கிலாந்தில் 1868 வரைக்கும் தூக்கு பொது இடத்தில்தான். 1849ல் லண்டனில் ஒரு கணவன் மனைவியைத் தூக்கிலிட்டதைப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், கூட்டம் போட்ட கும்மாளத்தைத் தாங்க முடியாம 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். 1855ல் இந்தக் கவிதையைப் படிச்சவங்களுக்கு அந்தக் கூட்டம் எப்படி இருக்கும்னு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தலைவர்கள் கதையும் அவங்களுக்குத் தெரியும். வெலிங்டன் பிரபு 1815 ஜூன் 18ல் வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயிச்சார். நாடே கொண்டாடியது. பிறகு பிரதமரானார், ஓட்டுரிமைச் சீர்திருத்தத்தை எதிர்த்தார். 1831 ஏப்ரலில் அவர் வீட்டு ஜன்னல்களைக் கல்லால் அடிச்சாங்க. அப்போ உள்ளே, மூணு நாள் முன்னால் இறந்த மனைவியின் உடல் இருந்தது. அடுத்த வருஷம் ஜூன் 18, அதே வாட்டர்லூ நாளில், லண்டன் தெருவில் குதிரையில் போனவரைக் கூட்டம் சூழ்ந்து கல்லெறிந்தது. 1852ல் அவர் இறந்ததும் அதே லண்டன் லட்சக்கணக்கில் திரண்டு அழுதது. அரசவைக் கவிஞர் டென்னிசன் பெரிய இரங்கற்பா எழுதினார்.

பூ, கல், மறுபடி பூ. சரி, ஜனங்க மோசம். அவ்வளவுதானா?

இங்கதான் ரெண்டாவது விஷயம். பத்து வருஷம் முன்னால், 1845ல், பிரவுனிங் இன்னொரு கவிதை வெளியிட்டார். 'தி லாஸ்ட் லீடர்'. நம்ம தலைவர் பணத்துக்கும் பட்டத்துக்கும் நம்மை விட்டுட்டுப் போய்ட்டார்னு குமுறும் கவிதை. யாரைச் சொல்றார்னு எல்லாருக்கும் புரிஞ்சது. வேர்ட்ஸ்வொர்த்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இளமையில் பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடினவர் வேர்ட்ஸ்வொர்த். வயசானதும் பழமைவாதிகள் பக்கம் சாய்ந்தார். 1842ல் வருஷம் 300 பவுண்டு அரசு ஓய்வூதியம். 1843ல் அரசவைக் கவிஞர் பதவி. வயசைக் காரணம் காட்டி முதலில் வேண்டாம்னுதான் சொன்னார். எதுவும் எழுத வேண்டியதில்லைன்னு பிரதமர் பீல் உறுதி கொடுத்த பிறகே ஏத்துக்கிட்டார். அப்போ அவருக்கு 72 வயது.

கவிதை வந்தப்போ பிரவுனிங்குக்கு 33. வேர்ட்ஸ்வொர்த்துக்கு 75.

முப்பது வருஷம் கழிச்சு, 1875ல், ஒருத்தர் கடிதத்தில் கேட்கிறார், அது வேர்ட்ஸ்வொர்த்தானே? பிரவுனிங் ஒத்துக்கிறார். ஓவியன் ஒரு ஆளை மாடலா உட்கார வைக்கிற மாதிரி, அவசரக்கார இளவயதில் அந்தப் பெரியவரைப் பயன்படுத்திக்கிட்டேன் என்கிறார். அதைவிட முக்கியமா இன்னொன்று. வேர்ட்ஸ்வொர்த்தின் அரசியல் மாறியதுக்குப் பணமோ பட்டமோ காரணமே இல்லைன்னும் எழுதுகிறார்.

யோசிச்சுப் பாருங்க. கட்சி மாறினார் என்பது உண்மை. விலை போனார் என்பது பொய். நின்னு பேசுறது அந்தப் பொய்தான். பள்ளிப் புத்தகங்களில் அந்தக் கவிதை இன்னும் இருக்கு. கடிதம் எத்தனை பேருக்குத் தெரியும்? வேர்ட்ஸ்வொர்த் செத்தே 25 வருஷம் ஆகியிருந்தது.

ஆக, தூக்குக்குப் போகிறவன் வாயில் அந்த 30 வரியை வைத்த கவிஞர், பத்து வருஷம் முன்னால் தானே ஒரு கல் எறிந்தவர். இதை மனசில் வச்சுக்கிட்டு 'தி பேட்ரியாட்' படிச்சா வேற மாதிரி கேட்கும். அந்தத் தலைவன் என்ன தப்பு செய்தான்னு கவிதை சொல்லவே இல்லை. வருஷம் முழுக்கச் செய்த குற்றங்களுக்காகக் கல்லடின்னு மட்டும் வருது. அவன் நல்லவனா கெட்டவனா நமக்குத் தெரியாது. ஆனா படிச்ச உடனே அவன் பக்கம் நின்னு ஜனங்களைத் திட்டுகிறோம். விசாரிக்காமலே ஒரு தீர்ப்பு. கூட்டம் செய்ததும் அதுதானே?

என் கருத்து இது. கல் ஒரு நோய், பூ ஆரோக்கியம்னு நாம பிரிச்சு வச்சிருக்கோம். தப்பு. ரெண்டும் ஒரே நோயின் ரெண்டு கட்டம். கவிதையிலேயே தடயம் இருக்கு. ஜனங்க அவனுக்குச் சூரியனையே தரத் தயார். அவனோ அவங்களுக்காகச் சூரியனைப் பிடிக்கத் தாவினேன் என்கிறான். ரெண்டு பக்கமும் மனுஷனால் முடியாததை எதிர்பார்த்தாச்சு. மிச்சம் ஒரு வருஷ அவகாசம்தான்.

"டாக்டர், நீங்கதான் எங்க சாமி"ன்னு யாராவது சொன்னா எனக்கு இப்போ பயம் வரும். "சாமி இல்லம்மா. முடிஞ்சதைச் செய்றேன். ஆனா இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம்"னு உட்கார்ந்து சொல்லிடுவேன். அப்படிப் பேசின குடும்பங்கள், நோயாளியை இழந்த பிறகும் பெரும்பாலும் என் கையைப் பிடிச்சுட்டுத்தான் போயிருக்காங்க. தலைவர்களுக்கும் இதுதான். கேள்வி கேளுங்க, கணக்குக் கேளுங்க, தப்புன்னா பதவியை விட்டு இறக்குங்க. மாலையைக் கொஞ்சம் குறைச்சா கல்லும் குறையும்.

கடைசியா ஒண்ணு. இதைச் சொல்லாம த்ரெட்டை முடிச்சா நான் யோக்கியன் மாதிரி ஆயிடும்.

எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருத்தர். அவர் பின்னாடி ரவுண்ட்ஸ் போறதே பெருமைன்னு நினைச்ச பேட்ச் நாங்க. பல வருஷம் கழிச்சு அவர் யூனிட்டில் ஒரு மரணம். காசுக்காக ஆபரேஷன் பண்ணிட்டார்னு ஒரு வாட்ஸப் மெசேஜ் சுத்துச்சு. அவரை ஒரு வார்த்தை கேட்காம நானும் ரெண்டு குரூப்பில் ஃபார்வர்டு பண்ணேன். விசாரணையில் அவர் மேல் தப்பில்லைன்னு வந்தது. அந்தச் செய்தியை நான் எந்தக் குரூப்பிலும் போடல.

அவர் ரிட்டயர் ஆகிட்டார். நம்பர் இன்னும் என் போனில் இருக்கு. பிரவுனிங்குக்கு உண்மையை எழுத 30 வருஷம் ஆச்சு, அதுக்குள்ள கேட்க வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்துட்டார்.

என் சார் இருக்கார். இதைப் போஸ்ட் பண்ணிட்டு அவரைக் கூப்பிடப் போறேன். எடுப்பாரான்னு தெரியல.