கரண்ட் வைக்கும் முன் பல்லைப் பாருங்கள்

தர்மபுரி மாவட்டத்தில் பல் ஆடினாலும் ஈறில் ரத்தம் வந்தாலும் பழி தண்ணீர் மேல்தான். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த மண் இது. அதற்குத் தீர்வாக வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் ஃப்ளோரைடு பல்லில் கறை போடும். ஈறைக் கரைப்பது பல்லடியில் படியும் காரையும் கிருமியும். வாயில் அடக்கும் புகையிலை இரண்டு வேலை செய்கிறது: ஈறையும் கெடுக்கும், புற்றையும் கொண்டுவரும். இந்திய ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுதான்.

புற்று உறுதியானதும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ ஓட்டம். ஸ்கேன், காப்பீட்டு அட்டை, தங்க இடம் என்று அலைந்து, வாரம் ஐந்து நாளாக ஆறேழு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துத் திரும்புகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் பல் மருத்துவரிடம் ஒரு முறையாவது காட்டினார்களா? பலர் காட்டியிருக்க மாட்டார்கள். உயிருக்கே போராடும்போது பல் என்ன பெரிசு என்று தோன்றுவது இயல்புதான். சிக்கலும் அங்கேதான்.

கதிர்வீச்சு பட்ட உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றிவிடும். காய்ந்த வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும், ஈறு நோய் முற்றும். கதிர் பட்ட தாடை எலும்பிலோ ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அந்த நிலையில் ஆடும் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல், எலும்பே செத்து வெளியில் தெரியலாம். கீழ்த்தாடையில் இது அதிகம். சிகிச்சை முடிந்து பல வருடம் ஆனாலும் இந்த ஆபத்து விலகுவதில்லை. அதனால்தான் பிடுங்க வேண்டிய பல்லை, கரண்ட் தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே பிடுங்கிப் புண்ணை ஆறவிடச் சொல்கிறார்கள்.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. கழுத்துக்கு மேல் கதிர்வீச்சு என்றால், பல் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தேதி குறிக்கக் கூடாது. அவசரம் என்றால் அன்றைக்கே பார்த்து அனுப்பட்டும். சிகிச்சைச் சீட்டில் ‘தாடையில் கதிர்வீச்சு பெற்றவர், கேட்காமல் பல் பிடுங்காதீர்’ என்று தமிழில் அச்சடிக்க வேண்டும். 2021-இல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடிச் சர்க்கரை மாத்திரை தருகிறது. சர்க்கரையும் ஈறைக் கெடுக்கும் நோய்தான். வாசல் வரை வருகிறவர்கள், கரண்ட் வைத்தவரின் வாயையும் திறந்து பார்க்கலாமே!

உத்தரவு வரும்வரை, வீட்டில் கரண்ட் வைத்தவர் இருந்தால், எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள். பழைய சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.